மறைவு தேதி இல்லாத பேனர்

இராஜபாளையத்தில் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரைப் போட்டு டிசைன் வேலை பார்த்த முதல் மூன்று வருடம், வந்த யாரையும் நான் திருப்பி அனுப்பியதில்லை. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சரி. ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கியவள்தான். ஆனால் வேலை என்று ஒருவர் வந்துவிட்டால் ‘முடியாது’ என்ற சொல் எனக்கு வாயில் வராது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவன் வந்தான். அவன் அண்ணனுக்கு அஞ்சலி பேனர் வேண்டுமாம். படத்துக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தேன். கீழே ‘கண்ணீருடன், அன்புத் தம்பி’ என்று இவன் பெயர். பிறந்த தேதியைச் சொன்னான். மறைவு தேதி கேட்டேன்.

“அந்த எடத்தக் காலியா விடு தங்கச்சி. பொறவு சொல்லுதேன்.”

ஆஸ்பத்திரியில் கைவிரித்த ஆளுக்கு முன்கூட்டியே பேனர் சொல்லி வைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்து, மாதிரியை அவன் போனுக்கு அனுப்பிவிட்டேன். மடச்சி.

மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. நான் குத்துவிளக்கு வைத்த அதே முகம் உள்ளே உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று பக்கத்து டீக்கடையில் விசாரித்தேன்.

“அவியளுக்கா? தலைவலின்னுகூடப் படுத்ததில்ல. தம்பிகூடத்தான் கெணத்துத் தகராறு. போன மாசம் அருவாளோட வந்து நின்னான்.”

சாயங்காலம் அந்தத் தம்பி அச்சுக்கு ஃபைல் வாங்க வந்தான்.

“முடியாது. உசுரோட இருக்கவருக்கு அஞ்சலி போட மாட்டேன்” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் கொண்டையைப் பிடித்து என் முகத்தை மேசையில் மோதினான். உதடு கிழிந்தது, முன்பல் உடைந்தது. மானிட்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தான். “ஏட்டி, அடுத்த பேனர் ஒனக்குத்தான்” என்று குரல்வளையைப் பிடித்தான். அவன் கட்டைவிரல் வாய்க்குச் சிக்கியது. எலும்பு தட்டும்வரை கடித்தேன். அவன் அலறியதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க? எதிர்வீட்டார் ஓடிவந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

மறுநாள் காலை, வீங்கிய வாயோடு அண்ணனின் கடைக்குப் போய்ப் போனில் பேனரைக் காட்டினேன். தன் முகத்தைப் பார்த்தார். கீழே தம்பி பெயரை வாசித்தார்.

“ஸ்டேஷனுக்குப் போவோம் அண்ணாச்சி. நான் சாட்சி சொல்லுதேன்.”

அவர் பெஞ்சுக்கு அடியிலிருந்து சாக்கில் சுற்றிய அரிவாளை எடுத்தார்.

“டிசைன் நல்லாருக்கு தங்கச்சி. இதே மாதிரி அவனுக்கும் ஒண்ணு போடு. கீழ ‘அன்பு அண்ணன்’னு எம் பேரு. தேதிய காலியா விட வேணாம், இன்னைக்குத் தேதியே போட்டுரு.”

முடியாது, முடியாது என்று கத்தினேன். அதற்குள் வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார். நான் ஸ்டேஷனுக்கு ஓடி, போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தகராறுக் கிணற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது, தம்பி கிணற்றடியில் வெட்டுப்பட்டுச் செத்துக் கிடந்தான். என் பல்லை உடைத்தவனுக்காக அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.