பெல்ட்டோடு நடந்த சுமதி

ஓடுகிற ரயிலில் உட்காரவைத்து இன்னொரு ஓடுகிற ரயிலைப் பார்க்கச் சொல்வதுதான் இயற்பியல் டியூஷன் வாத்தியாரின் பிழைப்பு. அந்தக் கணக்குகளில் அகப்பட்டவர் என்றால் நீங்களும் என் கட்சிதான்.

வேகத்தின் அலகு

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் திருப்பூரில் ஞாயிறு காலைகளில் வகுப்பெடுத்தேன். வந்தவர்கள் பனியன் கம்பெனி வேலையோடு டிப்ளமோ அரியர் எழுதுகிறவர்கள். தென்காசிப் பக்கத்துச் சுமதிக்குப் பிரிண்டிங் யூனிட்டில் செக்கிங் வேலை. இயற்பியலில் தேறினால் சான்றிதழ் வரும், சூப்பர்வைசர் ஆகலாம். மூன்று முறை எழுதியும் போய்விட்டது. இந்த முறையும் போனால் அந்த இடம் வேறொருவருக்கு.

முதல் நாள், வேகத்தை எதில் சொல்வோம் என்று கேட்டேன். பொங்கலூர் பழனிசாமி, டெய்லர், முந்திக்கொண்டார்:

"நிமிசத்துக்கு இத்தனை பீஸுங்க சார்."

இரண்டு ரயில்கள்

ரயில்கள் ஒரே திசையில் போனால் வேகங்களைக் கழிக்க வேண்டும், எதிரெதிரே வந்தால் கூட்ட வேண்டும். சுமதி ஒவ்வொரு முறையும் மாற்றியே போட்டாள். இரண்டு கையிலும் சாக்பீஸ் பிடித்துக் கரும்பலகையில் ரயில் விட்டேன். மூன்றாம் தடவை மோதியதும் அவள் சொன்னாள்:

"ரெண்டு ரயிலையும் நீங்களே ஓட்டுதீங்க. நான் எதுல இருக்கேன்னு சொல்லவே இல்லையே சார்."

பனியன் நின்றது

எனக்குச் சுரீரென்றது. கணக்கின் உயிரே அந்தக் கேள்விதான். "நீ தினமும் எங்கே நிற்கிறாய்?" என்றேன். அச்சிட்ட பனியன்கள் சூட்டில் காய்ந்து ஓடும் பெல்ட்டில் வரும். கூடையில் விழுவதற்கு முன் இருக்கும் பத்தடிக்குள் அவள் பழுது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "நாளைக்கு அந்தப் பெல்ட்டோடு நடந்து பார்" என்றேன்.

அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும் முன்பே வந்து நின்றாள். பெல்ட்டின் வேகத்துக்கே நடந்தால் பனியன் கண்முன் அசையாமல் நிற்கிறதாம். எதிரே நடந்தால் பறக்கிறதாம். வகுப்பே எழுந்து பெஞ்சுகளுக்கிடையே நடந்து பார்த்தது. கம்பெனியில் மட்டும் சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார்:

"ஏம்மிணி, செக்கிங்குக்கு வந்தியா, வாக்கிங்குக்கு வந்தியா?"

தேர்வுக்குப் பிறகு

தேர்வில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்தன. சுமதி ஒன்றைப் பெல்ட்டாக்கினாள், இன்னொன்றில் தான் ஏறிக்கொண்டாள், கூட்டினாள். தேறிவிட்டாள். அவள் சூப்பர்வைசரான யூனிட்டுக்குப் போனேன். செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் பெல்ட்டோடு நடந்துகொண்டிருந்தார்கள். தேறாத பழனிசாமியிடம் இதைச் சொன்னேன். வருத்தத்தோடு சொன்னார்:

"எம்பட மெஷினு நின்ன எடத்துலயே நிக்குதுங்களே சார், நான் எங்க போயி நடக்கறது?"

பதினாறு வருஷம் நான் விட்ட ரயில்கள் யாரையும் கொண்டு சேர்க்காத ஊருக்குப் பத்தடி பனியன் பெல்ட் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்தது. நானும் அதில்தான் தொற்றிக்கொண்டு போனேன்.