நிழல் மாறும் வளைவு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். பெட்ரோல் கிடைக்காமல், முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு புகைவிட்டபடி பஸ் ஓடிய காலம். தேனியிலிருந்து கம்பம் போகும் அப்படியொரு பஸ்ஸுக்கு என் தாய்மாமன்தான் டிரைவர். அதனால் டிரைவருக்குப் பக்கத்து இடம் எனக்கென்றே எழுதிவைத்தது என்று நினைத்திருந்தேன். எட்டு வயதில் நினைப்புக்கு என்ன பஞ்சம்!

அந்தச் சாலையில் எல்லோருக்கும் உரிமை இருந்தது, இடம்தான் இல்லை. நடுவில் சரளைக்கல், இரண்டு ஓரமும் புழுதி. மாட்டுக் குளம்பு தேயும் என்று வண்டிக்காரர்கள் ஓரத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்வார்கள். டயர் கிழியும் என்று சைக்கிள்காரர்களும் அங்கேயே வருவார்கள். செருப்பில்லாமல் நடப்பவர்களுக்கும் அதே புழுதிதான் வேண்டும், அதுவும் புளியமர நிழல் விழும் பக்கத்துப் புழுதி. காலையில் மேற்கே நிழல், சாயங்காலம் கிழக்கே. உச்சி திரும்பியதும் நடக்கிற சனமெல்லாம் நிழலோடு சேர்ந்து சாலையைக் கடக்கும். ஹாரனை யார் மதித்தார்கள்? "ரோடு என்ன ஒங்கப்பன் வீட்டுக் களமாய்யா?" என்று வண்டிக்காரர் கேட்பார். மாமாவும் சளைக்காமல் அவருடைய அப்பனை இழுப்பார்.

அப்படி வாய் ஓயாத மனிதர், வீரபாண்டி தாண்டி ஒரு வளைவு வந்தால் ஊமையாகிவிடுவார். உச்சிவெயிலில் பஸ்ஸை நிறுத்துவார். ஏறவோ இறங்கவோ அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சாலையைப் பார்க்காமல் தன் மடியைப் பார்த்தபடி, "போயிட்டாளா?" என்று கேட்பார். அம்மா உடன் வந்தால், "போயிட்டா தம்பி" என்பாள். இல்லாவிட்டால் கண்டக்டர் சொல்வார். பிறகுதான் பஸ் நகரும். மாமா ஓட்டிய பஸ்ஸில் அடிபட்டு அங்கே யாரோ ஒருத்தி செத்தாள், அவள் சாலையைக் கடக்க அவர் வழிவிடுகிறார் என்ற அளவுக்கு எனக்கும் தெரியும். பஸ்ஸில் வருகிறவர்கள் யாரும் அதற்காக முணுமுணுத்ததில்லை.

ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். சின்னமனூர்ப் பெரியம்மா வீட்டுக்கு என்னை மட்டும் மாமாவோடு அனுப்பினாள். வளைவில் பஸ் நின்றது. பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடிக்காமல் இறங்கி நின்றார். எதிரே வந்த மாட்டுவண்டியும் நின்றது. காற்றே இல்லை. புளிய இலை ஒன்றுகூட அசையவில்லை. அடுப்பில் கரி வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெறும் சாலைக்கு மூன்று பேரும் வழிவிட்டு நின்றார்கள்.

"போயிட்டாளா?"

கண்டக்டர் மாமாவின் காதருகே குனிந்தார். "அண்ணே, இனிமே இங்கன நிப்பாட்டுனா வேலைய விட்டு நின்னுக்கிறச் சொல்லிட்டாக மொதலாளி. எடுங்கண்ணே" என்றார்.

மாமா என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, நீ சொல்லு. போயிட்டாளா?"

போயிட்டா என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அன்று எனக்கு என்ன குறும்போ, "இல்ல மாமா, நிக்கிறா" என்றேன்.

பஸ்ஸுக்குள் எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது.

"எங்கன?"

"அந்தப் புளியமரத்தடியில."

"என்ன செய்யிறா?"

சொன்ன பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய் வேண்டுமே. "குனிஞ்சு குனிஞ்சு எதையோ தேடுறா" என்றேன். சொன்னதும் எனக்கே உடம்பு சிலிர்த்தது. அதை நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. பொய்தானா என்று இன்று கேட்டால் சத்தியம் செய்ய மாட்டேன்.

மாமா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேவிக் கேவி அழுதார். பெரிய ஆம்பளை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பயந்துபோனேன். கொஞ்ச நேரம் கழித்து, முகத்தைக்கூடத் துடைக்காமல் சொன்னார்.

"புள்ள நல்லா இருக்குன்னு அவகிட்டச் சொல்லு ஆத்தா. நீயே சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா."

ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வெறும் மரத்தடியைப் பார்த்து அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்: "புள்ள நல்லா இருக்கு! தேடாத, போ!"

எதிரே நின்ற வண்டிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்தார். கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னால் ஒரு பெண் விசும்பினாள். "போயிட்டா மாமா" என்றேன். பஸ் கிளம்பியது. அதற்குப் பிறகு மாமா அந்த வளைவில் நிறுத்தியதே இல்லை, வேகத்தை மட்டும் குறைப்பார்.

மலையில் ஏலத்தோட்ட வேலை முடிந்து நடந்து வந்தவள் அவள் என்பதும், அவள் இடுப்பிலிருந்து தெறித்துப் புழுதியில் விழுந்த கைக்குழந்தையைக் கேட்டு யாருமே வராததால், பிள்ளையில்லாத தன் அக்காளான என் அம்மாவின் மடியில் மாமா அதைக் கொண்டுபோய்ப் போட்டார் என்பதும், என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அம்மாவே சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று பஸ்ஸில் இருந்த மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அவ்வளவு பெரிய பஸ்ஸில் என் அளவுக்குக் கத்த வேறு யாராலும் முடியாது என்பதுதான். சின்னமனூர் போய்ச் சேரும்வரை அந்தப் பெருமையிலேயே உட்கார்ந்திருந்தேன்.