வியாழக்கிழமை நான் சொன்ன கதை

மின்னஞ்சல் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு. கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் ஆளணி, அதாவது மனிதவளப் பிரிவுப் பயிலுநர் வேலைக்கு என் விண்ணப்பத்தைத் தெரிவு செய்திருந்தது. வியாழன் காலை எட்டரைக்கு ‘வேர்ச்சுவல் அசெஸ்மென்ட் சென்டர்’ ஒன்றில் நான் கலந்துகொள்ள வேண்டுமாம். இடையில் ஒரேயொரு நாள்தான் இருந்தது. ‘சென்டர்’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு உம்மா குசினியிலிருந்து வந்தார்.

“கொழும்புக்கா? ஆரு கூடப் போற?”

“போகத் தேவையில்ல உம்மா. வீட்டிலிருந்தே, கொம்பியூட்டர்லதான்.”

“அப்ப என்னத்துக்கு சென்டர் எண்டு எழுதியிரிக்கான்?”

எனக்கும் சரியாகத் தெரியவில்லை. பட்டம் முடித்து மூன்று வருடங்களாக சாய்ந்தமருதில் ஒரு டியூஷன் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதுவரை போன இரண்டு நேர்முகங்களிலும் மேசைக்கு முன் பத்து நிமிடம் இருந்து பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதுவோ நான்கு மணித்தியாலம். குழுக் கலந்துரையாடல், மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, ஐந்து நிமிடப் பேச்சு, கடைசியில் நேர்முகம்.

கைபேசியோடு அடுத்த ஒழுங்கையிலிருந்த சிநேகிதி வீட்டுக்கு ஓடினேன். ஆறாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை நாங்கள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். பிறகு ஒரே டியூஷன் வகுப்பில் படிப்பித்தோம். இந்த விளம்பரத்தைக் கண்டு எனக்கு அனுப்பியதே அவள்தான். இருவரும் ஒரே நாளில்தான் விண்ணப்பித்தோம்.

“ஒனக்கும் வந்திச்சா?” என்று வாசலிலேயே கேட்டேன்.

அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். ஸ்பாம் பக்கத்தையும் திறந்து பார்த்தாள்.

“எனக்கு வரல்ல.”

தன் போனை அணைத்து வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். “காட்டு பாப்பம், என்ன போட்டிரிக்கான் எண்டு.”

எங்கள் வீட்டில் இருந்தது கைபேசி டேட்டா மட்டும்தான். அதுவும் நினைத்த நேரம் அறுந்து போகும். அவள் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தது. “இஞ்ச வந்து செய். என்ட லெப்டொப்ப எடு” என்றாள்.

புதன்கிழமை அவள் தன் வேலைகளை விட்டுவிட்டு என்னோடு இருந்தாள். ஒரு முகாமையாளருக்கு வந்தவை போலப் பன்னிரண்டு மின்னஞ்சல்களைத் தானே எழுதி, அரை மணித்தியாலத்தில் பதில் போடச் சொன்னாள். நான் முதலாவதிலிருந்து வரிசையாக எழுதினேன். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

“ஏழாவதுல ஒரு ஆள் வேலத்தளத்தில விழுந்து கிடக்கான் புள்ள. நீ அவனையும் வரிசையில வெச்சிரிக்காய்.”

குழுக் கலந்துரையாடலுக்கு ஆள் போதவில்லை என்று வாப்பாவைக் கடையிலிருந்து கூட்டி வந்தோம். வீட்டிலிருந்து வேலை செய்வது நல்லதா என்பது தலைப்பு. வாப்பா எடுத்த எடுப்பிலேயே, “வீட்டில இரிந்தா ஒரு வேலயும் நடக்கா” என்று ஒரே பிடியாக நின்றார். நான் வாய் திறக்கவில்லை. அவள்தான் வாப்பா சொன்னதில் எது சரி என்று முதலில் எடுத்துச் சொல்லி, பிறகு அதையே தன் பக்கம் திருப்பி ஆங்கிலத்தில் கதைத்தாள். பாதிதான் விளங்கியிருக்கும், ஆனாலும் வாப்பா தலையாட்டினார். திரும்பி வரும்போது, “இந்தப் புள்ளய ஏன் கூப்பிடல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

நேர்முகத்துக்கென்று ஒரு கேள்வியை அவள் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாள்: நீங்கள் தீர்த்துவைத்த ஒரு பிரச்சினையைச் சொல்லுங்கள். டியூஷன் வகுப்பில் புள்ளிகள் மாறிப் பதிந்ததைத் திருத்தியது மட்டும்தான் என்னிடம் இருந்தது. “அது காணா, பெரிசா வேணும்” என்றவள், உதாரணத்துக்குத் தன்னுடையதைச் சொன்னாள். ஒருமுறை ஊரில் வெள்ளம் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தோம். ஒரு நாள் சோற்றுப் பார்சல் குறைந்து, இரண்டு ஒழுங்கைப் பெண்களுக்கிடையில் பெரிய சண்டை. அவள் நடுவில் போய், இரு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பெண்ணைக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தியும் மற்ற ஒழுங்கைக்காரருக்குப் பங்கிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். சண்டை அடங்கிவிட்டது.

“பசிச்சி நிக்கிற ஆளுக்குத் தன்ட கையால குடுக்கக்குள்ள சண்ட பிடிக்க ஏலா. இத இன்டர்வியூவுக்கெண்டு வெச்சிரிந்தன்” என்று சிரித்தாள்.

நானும் அந்த முகாமில்தான் இருந்தேன். சத்தம் கேட்டதும் வகுப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவள் நான்.

வியாழன் காலை அவளுடைய அறையில் லெப்டொப்புக்கு முன் இருந்தேன். பூட்டுச் சரியில்லாத கதவு அரைவாசி திறந்தே கிடந்தது. வெளியே அவள் காவல். மீன்காரர் ஹோன் அடித்துக்கொண்டு வந்தபோது ரோட்டுக்கே ஓடி அவரை நிறுத்தினாள். கலந்துரையாடலில் மூன்று முறை கதைத்தேன். மின்னஞ்சல்களை முதலில் முழுதாக வாசித்தேன். பேச்சும் தட்டுத் தடுமாறி முடிந்தது.

நேர்முகத்தில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் இருந்தார்கள். அந்தக் கேள்வியேதான் வந்தது. புள்ளிகள் மாறிய கதை இரண்டு வசனத்தோடு தீர்ந்துபோயிற்று. “இதைவிடப் பெரிதாக ஏதும்?” என்றார் அந்தப் பெண். வெள்ளம் வந்த நேரம் என்று ஆரம்பித்தேன். ‘நான்’ என்றுதான் சொன்னேன். நான் நடுவில் போனேன், நான் இருவரையும் கூப்பிட்டேன். அப்படி ஏன் செய்தீர்கள் என்று அவர் கேட்டார். பசித்தவருக்குக் கையால் கொடுக்கும்போது சண்டை பிடிக்க முடியாது என்றேன். அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். கதவுக்கு வெளியே கோப்பை கழுவிக்கொண்டிருந்த சத்தம் நின்றிருந்தது.

முடித்து வெளியே வந்தபோது தேத்தண்ணீரை நீட்டினாள்.

“நல்லாக் கதச்சாய்” என்றாள், என் முகத்தைப் பாராமல்.

அடுத்த செவ்வாயன்று வேலை கிடைத்த செய்தி வந்தது. உம்மா அழுதார். ஒரு தட்டில் தொதல் இனிப்பு வைத்து அவள் வீட்டுக்கு என்னிடம் கொடுத்தனுப்பினார். அவள் கேற்றைத் திறந்ததும் தட்டை நீட்டாமலே கேட்டேன்.

“அண்டைக்கு நான் சொன்னத நீ கேட்டாய்தானே?”

“ஓம்.”

“ஏன் ஒண்டும் சொல்லல்ல?”

“என்னத்தச் சொல்ற? உள்ள வந்து அது என்ட கதை எண்டு சொல்லவா?”

“நான் அவங்களுக்கு உண்மைய எழுதட்டா?”

“எழுதினா ஒனக்கு வேல போகும். எனக்கு வருமா?” தட்டுக்குக் கையை நீட்டினாள். “புதன்கிழம கேட்டிரிந்தா எடு எண்டு சொல்லியிரிப்பன் புள்ள. நீ கேட்கல்ல.”

தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நான் எழுதவில்லை. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்தேன். பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. வாப்பா ஃபைபர் இணைப்பும் எடுத்துத் தந்தார். அவள் இன்னும் டியூஷன் வகுப்பில்தான் படிப்பிக்கிறாள். கண்டால் நின்று கதைப்பாள், சிரிப்பாள். முன்பு போல வீட்டுக்கு வருவதில்லை.

வருகிற விண்ணப்பங்களை முதலில் வாசித்துப் பிரிப்பது இப்போது என் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் பழைய கோப்புகளுக்குள் அவளுடைய விண்ணப்பத்தைக் கண்டேன். பட்டச் சான்றிதழ் இருக்க வேண்டிய பக்கம் வெறுமையாக வந்திருந்தது. ஸ்கேன் சரியாக ஏறவில்லை. யாரோ ‘ஆவணம் இல்லை’ என்று குறித்து ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றதை ஒருவரும் வாசிக்கவேயில்லை.

இதை அவளிடம் சொன்னால் ஆறுதலாக இருக்குமா, இன்னும் நோகுமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு முறை அவள் வீட்டுக் கேற் வரை போனேன். இன்னும் சொல்லவில்லை.