புளி காய்ந்த மூலை

நாளைய ஆட்டத்தில் தோற்றால் என் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலை போய்விடும் என்ற பயத்தோடு அரங்கில் நின்றிருந்தபோது, வீராங்கனை ஒருத்தி வாயில் அடக்கியிருந்த புளியின் வாசம் என்னை ஜவ்வாது மலையில் நான் படித்த பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துத் தளத்துக்கு இழுத்துப்போனது. ஊரிலேயே சமமான சிமெண்டுத் தரை அது ஒன்றுதான் என்பதால், மாசி பிறந்ததும் கூடைக்கு இடது மூலை முழுக்கப் புளி காயும், மிச்ச இடத்தில் நாங்கள் ஆடுவோம், எங்களிடம் இருந்ததோ ஒரே பந்து, அது அந்தப் பக்கம் உருண்டு புளியின் ஓடு நொறுங்கும் சத்தம் கேட்டாலே அப்படியே நின்றுவிடுவோம். காவலுக்கு இருந்த அக்கா குரலை உயர்த்தவே மாட்டார்.

“இன்னாடி, இன்னொரு வாட்டி பட்டுச்சுன்னா பந்து எங்க வூட்டுக்குப் போய்டும்.”

இன்று அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி நிற்கிறது.

புளி தின்றவள் தயங்கித் தயங்கி அருகே வந்தாள். “மேடம், பழைய மேட்ச் வீடியோ பாத்தேன், இடது மூலையில எதிர் டீம் ஆளே நிறுத்த மாட்றாங்க. நாம அங்க வரவே மாட்டோம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு. ஏன் மேடம் நாம அங்க போறதே இல்ல?”

இத்தனை வருடங்களில் நான் வரைந்து கொடுத்த ஆட்டத் திட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அந்த மூலையை மிதிக்கவில்லை.