பொளிச்ச வண்டி

"வண்டி மொத்தம் பொளிச்சாச்சு டீச்சர். இனிக் கவலையே வேண்டாம்" என்று போனில் சொன்னேன். மறுபக்கம் சத்தமே இல்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நினைத்து நானும் வைத்துவிட்டேன்.

டீச்சருக்கு வலியசாலை அக்ரஹாரம். காலேஜில் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவர். காலமான அப்பாவின் ரோவர் 2000 காரைப் பெயின்ட் வேலைக்காகக் கரமனையில் என் ஷெட்டில் விட்டிருந்தார். வயசான வக்கீல்களுக்கும் டாக்டர்களுக்கும் கார் செய்துகொண்டிருந்த கம்பெனியை இளவட்டங்கள் திரும்பிப் பார்த்தது இந்த மாடலுக்குப் பிறகுதான். டோர், ஃபென்டர், பானெட், கூரை எல்லாமே இதில் போல்ட்டில் நிற்பவை. அத்தனையும் கழற்றிய பிறகும் அடிக்கூடு மட்டும் தனியாக ஓடும். அந்தக் கூட்டில் துரு இல்லை என்று சொல்லத்தான் போன் செய்தேன்.

மலையாளத்தில் பொளிப்பது என்றால் பிரிப்பது. காயலான் கடையில் வண்டியை உடைத்துப் போடுவதற்கும் அதே சொல்தான். திருநெல்வேலியிலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து முப்பது வருஷமாகியும் எனக்கு இது உறைக்கவில்லை.

அரை மணி நேரத்தில் டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். பின்னாலேயே சாமான் ஏற்றும் பெட்டி ஆட்டோ ஒன்று வந்தது, மிச்சத்தை அள்ளிக்கொண்டு போக.

சுவரில் சாத்தியிருந்த டோர்களைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது.

"செல்லையா, உன்ன நம்பித்தானே விட்டேன்? அப்பா எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த வண்டியாக்கும் இது. பொளிச்சுப் போட்டுட்டயே!"

விளக்கம் சொன்னால் நம்புகிற நிலையில் அவர் இல்லை.

"கழத்திதான் வச்சிருக்கேன் டீச்சர். ஏறி உக்காந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க."

"தோல உரிச்சுட்டு ஓட்டிப் பாருங்கறயா?"

ஆனாலும் ஏறினார். டோர் இல்லாததால் திறந்துவிடும் மரியாதையைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. இரண்டாவது தடவையில் எஞ்சின் பிடித்தது. ஷெட் முற்றத்தை மூன்று சுற்று சுற்றினார். பெட்டி ஆட்டோக்காரர் வீடியோ எடுத்தார். நிறுத்திய பிறகும் டீச்சர் ஸ்டியரிங்கை விடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து போனில் 'கழற்றினேன்' என்றுதான் சொல்கிறேன். புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள். அதைவிட, கழற்றுவதற்கு முன்னாலேயே கஸ்டமரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

பெயின்ட் முடிந்து டெலிவரி எடுத்த அன்று டீச்சர் பளபளவென்று நின்ற வண்டியைச் சுற்றிப் பார்த்து, முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனா பொளிச்சப்போ இன்னும் நன்னா ஓடித்து."