திரையில் ஏறிய எண்

இருதய அடைப்பை எடுத்தபின், தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். தெருவில் தனியாக விழுந்துவிடுவேனோ என்று எனக்குப் பயம். வீட்டுக்குள்ளேயே நடக்கலாம் என்று, விலை உயர்ந்த டிரெட்மில் பார்க்க சுபாங் ஜெயாவில் ஒரு கடைக்குப் போனோம். புது வண்டிக்கு வைப்பதுபோல வைக்க, மனைவி எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள்.

"டயரே இல்லியே, பழத்த எங்க வைக்கிறது?" என்றாள்.

நான் ஏறி நடந்தேன். திரையில் என் நாடித்துடிப்பு தெரிந்தது. பார்க்கப் பார்க்க எண் ஏறியது.

"அங்கிள், நம்பர பாக்காதீங்க லா," என்றார் விற்பனையாளர்.

"அதுக்குத்தானே பாஸ் இவ்ளோ விலை?" என்று வாங்காமலே இறங்கிவிட்டேன். வருத்தமுமில்லை, நிம்மதியுமில்லை.

இப்போது எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி நடக்கிறேன். மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.