கபன் படகில் பரீட்சைக்கு

எங்கள் தீவில் ஒரு மையத்து இருக்கும்போது படகு இறங்காது. இறந்தவரை அடக்கி முடியும்வரை கரையில் எந்த இஞ்சினும் சத்தம் போடக் கூடாது. அன்று கடலில் மீன் கொட்டிக் கிடந்தாலும் சரி, வலை வெளியே கிடந்து நாறினாலும் சரி. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தான் யாரும் மாற்றவும் இல்லை என்று நினைக்கிறேன்.

ஒரேயொரு படகுக்கு மட்டும் விலக்கு உண்டு. மையத்தைச் சுற்றும் கபன் துணி எடுக்க அக்கரையில் இருக்கும் கல்பிட்டிக்குப் போகும் படகு. அதில் இறந்தவரின் மூத்த மகன் போவான், கூட ஓட்டுபவர் ஒருவர். தகப்பனின் கபனை மகன் தன் கையால் வாங்க வேண்டும். அந்தப் படகில் வேறு ஆள் ஏறாது, வேறு காரியமும் ஏறாது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வாங்கி வரச் சொன்னாலும் முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும்.

அந்தப் படகில்தான் நான் உயர்தரப் பரீட்சைக்குப் போனேன்.

எங்கள் பள்ளிக்கூடம் பதினோராம் ஆண்டோடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வேண்டுமென்றால் கடலைத் தாண்ட வேண்டும். பையன்கள் தாண்டுவதில்லை, பதினாறு வயதில் அவர்களுக்கு வலை இருக்கிறது. பெண் பிள்ளைகளைத் தாண்ட விடுவதில்லை. பட்டணத்தில் இருந்து வரும் அதிகாரிகள் நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்து, இளநீர் குடித்துவிட்டு, "உங்கட பிள்ளைகளுக்குப் படிப்புல ஆர்வம் இல்லத்தானே" என்பார்கள். ஆர்வமாம்! கச்சான் காற்றில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் நீங்கள் இந்தப் படகில் வேலைக்கு வந்து பாருங்கள் என்று வாய்வரை வரும். இப்போது நானும் ஆசிரியை ஆகிவிட்டதால் விழுங்கிக்கொள்கிறேன். பாதியைத்தான் விழுங்குகிறேன் என்று அதிபர் சொல்வார்.

என்னைத் தாண்ட விட்டதற்குக் காரணம் வாப்பா. அவருக்குப் படிப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் ஆட்களைக் கல்பிட்டிக்கு ஏற்றி இறக்கும் படகு அவருடையது, அதனால் மற்றவர்கள் பார்க்காத முகங்களை அவர் பார்த்திருந்தார். கல்பிட்டியில் சாச்சி வீட்டில் என்னைத் தங்க வைத்தார். ஒரு நிபந்தனையும் வைத்தார். "ஒருக்காத்தான் எழுதுற. சரி வந்தா மேல படி. இல்லாட்டி பாலாவிச் சம்பந்தத்துக்கு நான் ஓம் சொல்லிருவன்." பாலாவிச் சம்பந்தம் என்பது அந்த ஊரில் லொறி டயர்க் கடை வைத்திருந்த ஒருவர். நல்ல மனிதர் என்றார்கள். நான் அவரைப் பார்த்ததே இல்லை, ஆனாலும் அந்த டயர்களை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டும்.

பரீட்சை தொடங்கி, நடுவில் சில நாள் இடைவெளி வந்தது. சாச்சி வீட்டில் கல்யாணம். தேங்காய் துருவும் சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும் தாங்காமல், புவியியல் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு தீவுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். ஞாயிறு முழுவதும் கச்சான் அடித்தது. வாப்பா கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நாளைக்கு விடியக் காத்து விழும். சுபஹு தொழுதுட்டு இறக்குவோம்" என்றார். காற்று விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

விடிய, அவர் சொன்னபடியே காற்று விழுந்திருந்தது. நான் வெள்ளைச் சீருடையும் பர்தாவும் போட்டு, அனுமதி அட்டையைப் பொலித்தீன் பைக்குள் வைத்து, படகுக்குப் பக்கத்தில் நின்றேன். அப்போது பள்ளிவாசல் பக்கமிருந்து ஆட்கள் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாமா. தொழுது முடித்து எழும்பியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாப்பாவின் படகில் ஏற்ற வந்தார்கள். ஏற்றுவதற்காகப் பாய் விரித்தார்கள். வாப்பா இஞ்சின் கயிற்றைக் கையில் சுற்றினார், இழுக்கவில்லை. மாமாவின் தலையை மடியில் வைத்திருந்தவர், உயிர் பிரியும் நேரத்தில் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அவர் கிழவர் இல்லை. அவருடைய கடைசி மகள் அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். என்ன நடந்தது, என்ன செய்திருக்கலாம், நெஞ்சை அழுத்துவதா, குளிசை எதையாவது வாயில் வைப்பதா, அந்தக் கரையில் நின்ற ஒருவருக்கும் தெரியவில்லை. மேல் படிப்புப் படிக்கிற ஒரே ஆள் நான். எனக்கும் தெரியவில்லை. வெள்ளைச் சீருடையோடு மரமாக நின்றேன்.

மையத்தை வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். வாப்பா கயிற்றைக் கையிலிருந்து அவிழ்த்து மடித்து வைத்தார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. அவர் பள்ளிவாசல் மரைக்கார், தீவின் நடப்புகளைக் காக்க வேண்டியவர். முந்தின வருடம் ஒரு ஜனாஸா கிடக்கும்போது வலை எடுக்கப் போன ஒருவனை இதே கரையில் வைத்து, எல்லோரும் பார்க்க, ஏசித் தீர்த்தவர். இன்று தன் மகளுக்காகப் படகை இறக்குவாரா? மாட்டார் என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் தெரியும். உம்மா என் கையைப் பிடித்து, "இது போனாப் போகட்டும் மகள், நீ வா" என்றாள். போனால் போகட்டுமாம். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மௌத்தான மனிதர்மேல் கூட ஒரு நொடி ஆத்திரம் வந்தது, அல்லாஹ் மன்னிக்கட்டும்.

கபன் படகும் இப்போதைக்குப் போகாது. மாமாவின் மூத்த மகன், நான் நாநா என்று கூப்பிடுகிறவர், சனிக்கிழமை மாலை காற்று ஏறுவதற்கு முன்பே கடலுக்குப் போய் அடுத்த தீவின் மறைவில் தங்கியிருந்தார். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. அவர் வந்த பிறகுதான் கபன். அதற்குள் பரீட்சை மண்டபத்தின் கதவு மூடிவிடும்.

மாமி, அதாவது மாமாவின் மனைவி, கணவனை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் அப்போதே உட்கார்ந்துவிட்டார். உள்ளறை வாசலில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். உம்மா அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன சொன்னாளோ எனக்குத் தெரியாது. ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்துவிட்டு மாமியே விஷயத்தைக் கேட்டார் என்றுதான் உம்மா இன்றுவரை சத்தியம் செய்கிறாள். கொஞ்ச நேரத்தில் உம்மா வெளியே வந்து வாப்பாவைக் கூப்பிட்டாள். வாப்பா திரைக்கு இந்தப் பக்கம் தலை குனிந்து நின்றார். நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே இருந்து மாமியின் குரல் கேட்டது. அழுது அடைத்த குரல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

"மரைக்கார், கபன் எடுக்க நீங்க போங்க. இப்பவே போங்க. புள்ளையையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

"மூத்தவன் வரணுமே" என்றார் வாப்பா.

"அவன் வந்தா நான் சொல்லிக்குறன். புள்ள படிக்கட்டும். இனி இந்தக் கரையில ஒருத்தரும் இப்பிடிப் போகக் கூடாது."

வாப்பா மூன்று நான்கு தடவை தொண்டையைச் செருமினார். பிறகு வெளியே வந்து கரைக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். கரையில் நின்ற ஆண்கள் விலகி வழி விட்டார்கள்.

படகில் வாப்பாவும் நானும் மட்டும். புத்தகத்தைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. கல்பிட்டியில் இறங்கியதும் அவர் துணிக்கடைப் பக்கம் போனார், நான் மண்டபத்துக்கு ஓடினேன். பருவக்காற்றைப் பற்றி ஒரு கேள்வி வந்திருந்தது. கச்சான் எப்படி ஏறும், எப்போது விழும் என்று எழுதும்போது, இந்நேரம் துணி தீவுக்குப் போயிருக்கும், குளிப்பாட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். மேசையில் கண்ணீர் விழாமல் தாளைத் தள்ளி வைத்து எழுதினேன்.

நாநா கரைக்கு வந்து சேர்ந்தபோது கபன் வெட்டி முடிந்திருந்ததாம். தகப்பனின் துணியை இன்னொருவர் வாங்கி வந்துவிட்டார் என்று அவருக்குச் சொன்னார்கள். அவர் மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தோளில் தூக்கிப் போனார், கபுறுக் குழிக்குள் இறங்கினார், மண் போட்டார். அதன் பிறகு வாப்பா சலாம் சொன்னால் பதில் சலாம் சொல்வார். அவ்வளவுதான். அந்தப் பதிலுக்கு மேல் ஒரு கதையும் இல்லை. வாப்பாவும் அவருக்கு முன்னால் குரலை உயர்த்தியதில்லை, மரைக்காராக இருந்தும்.

பெறுபேறு வந்தது. பல்கலைக்கழகம் கிடைத்தது. பாலாவி டயர்கள் வேறு வீட்டுக்குப் போயின. முதல் விடுமுறைக்கு நான் தீவுக்கு வந்த அன்று பின்னேரம், வீட்டு வாசலில் பெண்கள் வரத் தொடங்கினார்கள். என்னைப் பார்க்க வருகிறார்கள் என்று நானும் தலையைக் கோதிக்கொண்டு இருந்தேன். முதலில் வந்தவள் வீங்கிய காலைக் காட்டினாள். அடுத்தவள் ஒரு பை நிறையக் குளிசை கொண்டுவந்து, எதைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது என்று கேட்டாள். நான் சிரித்தே விட்டேன். "என்ன ராத்தா, நான் ஆஸ்பத்திரியிலயா படிக்குறன்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியாக மாமி வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடப்பக்க நெஞ்சில் கையை வைத்து, மெதுவாகச் சொன்னார். "இஞ்ச கொஞ்சம் பாருங்க மகள். அவருக்கும் இந்த இடந்தான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தீவுக்குத் தெரிந்த பெரிய படிப்பு ஒன்றே ஒன்றுதான். கடலைத் தாண்டி, வருடக்கணக்காக, புத்தகம் புத்தகமாக ஒரு பிள்ளை படிக்கிறாள் என்றால் அவள் டொக்டருக்குப் படிக்கிறாள். வேறு எதற்காக ஒருவர் இவ்வளவு கஷ்டப்படுவார்? கலைப்பிரிவு, விஞ்ஞானப்பிரிவு என்று இருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான் படித்த இடத்தில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப்பிரிவே இருக்கவில்லை. இருந்ததை எடுத்தேன். இதை யாரும் கேட்கவும் இல்லை, சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

"மாமி, நான் படிக்குறது புவியியல். பூமி, கடல், காத்து, அதுகளப் பத்தி."

"காத்தப் பத்தியா?" என்றார். "அத ஒங்கட வாப்பாவே சொல்லுவாரே."

"ஓம் மாமி."

"அப்ப நெஞ்சு வலி?"

"அது தெரியாது மாமி. அதுக்கு வேற படிப்பு."

அவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, கோபமே இல்லாமல், "என்ட மகன் கையால வாங்க வேண்டிய துணிய நான் மரைக்கார்ட கையில குடுத்தன் மகள்" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் போன பிறகு நான் அழுத அழுகையைப் பார்த்து உம்மா பயந்துவிட்டாள். மறுநாள் வாப்பாவும் நானுமாக மாமியைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு டொக்டர், என் வயதுக்குச் சற்று மூத்த பெண், தமிழில் விளக்கமாகக் கதைத்து மருந்து எழுதினார். மாமி வழிநெடுக அந்தப் பெண்ணைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எந்த ஊர்ப் பிள்ளையோ, எந்தக் கரையில் இருந்து வந்தாளோ என்றார்.

பட்டம் முடித்து, வேலை இல்லாமல் சில காலம் கிடந்து, கடைசியில் எங்கள் தீவுப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வந்தேன். விஞ்ஞான ஆசிரியர்கள் எங்களுக்கு வருவார்கள், கடலைப் பார்ப்பார்கள், மாற்றம் கேட்டுப் போவார்கள். ஆள் இல்லாத நாட்களில் நானே முதல் நாள் படித்து மறுநாள் கற்பித்தேன். இருதயத்துக்கு நான்கு அறைகள் என்று கரும்பலகையில் கீறும்போது, முன்வரிசையில் இருந்து ஒருத்தி கண் எடுக்காமல் பார்ப்பாள். மாமியின் கடைசி மகள். தகப்பன் மணலில் கிடந்த நாளில் எதுவும் புரியாமல் எங்கள் வீட்டில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள்.

இந்த வருடம் அவள் பதினோராம் ஆண்டின் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தாள், விஞ்ஞானத்துக்கு மிக நல்ல பெறுபேறு. புத்தளத்தில் உயிரியல் படிக்க இடம் கிடைத்தது. பெருநிலத்தில் இருக்கும் கரைத்தீவில் உறவுக்காரர் வீட்டில் தங்கி பஸ்ஸில் போய் வருவது என்று முடிவானது. டொக்டர் ஆவாளா, தெரியாது. அந்தப் பரீட்சை எவ்வளவு கொடியது என்று தெரிந்ததால் நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

போகிற அன்று காலை, பாதித் தீவு கரையில் நின்றது. மாமி மகளின் பர்தாவைச் சரிசெய்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "என்ன படிக்கப் போறண்டு சரியாச் சொல்லிப்போட்டு ஏறு" என்றார். இரண்டாம் தடவை ஏமாற அவர் தயாராக இல்லை. அவள் வெட்கப்பட்டு, "உயிரியல் உம்மா" என்றாள். மாமி என்னைப் பார்த்தார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

வாப்பா வழக்கம்போல படகின் பின்பக்கத்தில் இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். அப்போது நாநா தண்ணீருக்குள் இறங்கி வந்தார். சாரம் நனைய, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருடத்துக்குப் பிறகு, சலாம் அல்லாத ஒரு வார்த்தையை வாப்பாவிடம் சொன்னார்.

"மரைக்கார், நீங்க முன்னுக்கு இருங்க. அண்டைக்கித்தான் கபன் என்ட கையால வரல்ல. இண்டைக்கி இவள நான்தான் கொண்டு போகணும்."

வாப்பா கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்.